விடிஞ்சிருச்சுங்களா?

இது எனக்கு நடந்தது. 2024 மார்ச் 6, புதன்கிழமை. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். சந்தேகம் இருந்தால் அன்று என்னோடு இருந்த ஆல்வினைக் கேளுங்கள். அவன் அதற்குப் பிறகு பைக்கில் யாரையும் பின்னால் ஏற்றுவதில்லை. அவன் அம்மாவைக்கூட.

என் பெயர் யுவஸ்ரீ. உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா சின்னான், தென்னை மரம் ஏறுகிறவர். கோயம்புத்தூரில் ஒரு காலேஜில் விஸ்காம் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் காலேஜுக்குப் போன முதல் ஆள் நான்தான்.

கடைசி வருடத்தில் ஆளுக்கு ஒரு குறும்படம் எடுத்தாக வேண்டும். முதல் காட்சியை எப்படி எடுக்கப்போகிறோம் என்று ஷாட் ஷாட்டாகப் பேப்பரில் போட்டு, செல்போனில் ஒரு ஒத்திகையும் எடுத்துக் காட்ட வேண்டும். அது பிடித்தால்தான் டிபார்ட்மெண்ட் கேமராவைக் கையில் கொடுப்பார்கள்.

என்னுடையதை எங்கள் புரொபசர் தனபால் சார் இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார். மூன்றாவது தடவைதான் கடைசி. மார்ச் 7, காலை ஒன்பது மணி.

அது போனால் படம் இல்லை. படம் இல்லை என்றால் அந்த வருடம் டிகிரி இல்லை. அப்பா தை மாதத்தில் மரத்திலிருந்து விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். "இந்த வருசத்தோட முடிச்சுட்டு வந்துரு கண்ணு" என்று மட்டும் சொல்லியிருந்தார். முடியாவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மூன்று நாளாக நான் சரியாகத் தூங்கவில்லை.

என் கதை இதுதான். இருபது வயதுப் பெண். விடிவதற்கு முன்னால் ஒரு பையோடு வீட்டை விட்டுக் கிளம்பிவிடுகிறாள். முதல் காட்சி ஒரே ஷாட். திரை முழுக்க இருட்டு. தாழ்ப்பாள் சத்தம். கதவு திறக்கிறது. தலையில் துப்பட்டா போட்ட ஒருத்தி வெளியே வந்து, வரிசையாக இருக்கும் வீடுகளைத் தாண்டி கேமராவைப் பார்த்து நடந்து வருகிறாள். பக்கத்தில் வந்த பிறகுதான் முகம் தெரியும். மொத்தம் முப்பத்தெட்டு நொடி.

தனபால் சார் பிடித்துக்கொண்ட இடம் அதுதான். "அவ வெளிய வர்றதை நான் நம்பலைம்மா. சும்மா நடந்து வர்றா. எதுல இருந்து தப்பிச்சு வர்றா? அது நடையில இல்லையே" என்றார்.

ஆல்வின்தான் அந்த இடத்தைக் கண்டுபிடித்தான். அவன் என் வகுப்பு. கேமரா அவன் வேலை. துடியலூர் தாண்டி, மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் மண் பாதையில் ஒரு மூடிப்போன மில். அதன் பின்னால் தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகள். ஒரே கூரைக்குக் கீழே, ஒட்டி ஒட்டிப் பதினொரு வீடு. ஆள் இல்லாமல் பல வருடம் ஆகிறது.

நிஜமான விடியற்காலையில் எடுக்க வழி இல்லை. எங்கள் ஹாஸ்டல் கேட்டை ஆறு மணிக்குத்தான் திறப்பார்கள். அதனால் சாயங்காலத்தை விடியற்காலையாகக் காட்டிவிடலாம் என்று முடிவு செய்தோம். சூரியன் விழுந்த பிறகு ஒரு இருபது நிமிட வெளிச்சம் இருக்கும். கேமராவுக்கு அதுவும் விடியற்காலையும் ஒன்றுதான். எல்லோரும் செய்கிற ஏமாற்று வேலை.

யாரை ஏமாற்றப் போகிறோம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

4.40க்குப் போய்ச் சேர்ந்தோம். நடிக்க வேண்டிய வர்ஷினிக்குக் காய்ச்சல். ஒத்திகைதானே, நானே நடந்துவிடுகிறேன் என்று வந்திருந்தேன். அவளுக்காக வாங்கின பச்சைத் துப்பட்டா, பழைய பேப்பரைத் திணித்த ஒரு துணிப்பை. இரண்டும் என்னிடம் இருந்தன.

வாட்ச்மேன் பெயர் கருப்புசாமி. அறுபது வயது இருக்கும். எந்த வீட்டில் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். போய்ப் பார்த்தால் எந்த வீட்டுக்கும் கதவு இல்லை. எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ஏழாம் நம்பர் வீட்டுக்கு மட்டும் கதவு இருந்தது. வெளியே தாழ் போட்டிருந்தது.

அது வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டதற்கு, கேட் பக்கம் நடக்க ஆரம்பித்தார். நான் அவரிடம் கெஞ்சினேன். நாளைக் காலையில் இதைக் காட்டாவிட்டால் என் படிப்பே போய்விடும் என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.  அவர் தனக்கும் ஒரு பெண் இருக்கிறாள், நர்சிங் படிக்கிறாள் என்றார். பிறகு அவரே வந்து, துருப்பிடித்த தாழைக் கல்லால் தட்டி நகர்த்தினார்.

"ஆறேமுக்காலுக்கு வெளிய வந்துருங்க அம்மணி. அதுக்கு மேல ஒரு நிமிசம் இருக்காதீங்க."

சொல்லிவிட்டு கேட் பக்கம் போய்விட்டார்.

உள்ளே ஒரே அறை. பின்னால் ஒரு சின்ன சமையல் தடுப்பு. பக்கத்து வீடுகளில் எல்லாம் சிவப்புத் தரை வெடித்துக் கிடந்தது. இங்கே மட்டும் வழவழப்பான சிமெண்ட். கதவின் உள்பக்கம் தாழ்ப்பாளே இல்லை. இருந்த இடத்தில் நாலு ஆணி ஓட்டை.

5.10. முதல் ஒத்திகை. என் போனை ஸ்டாண்டில் மாட்டி, லைனின் கடைசியில் தண்ணீர்க் குழாய் பக்கம் வைத்துக்கொண்டு ஆல்வின் நின்றான். என் கையில் வாட்ச் மட்டும். வெளியே வந்தேன், நடந்தேன். முப்பத்தெட்டு நொடி, சரியாக.

ஆல்வின் வீடியோவைப் பார்த்தான். முகம் சுருங்கியது. சார் சொன்னது சரிதான், ஏதோ கடைக்குப் போகிற மாதிரி நடக்கிறாய் என்றான். அந்தப் பெண் எதற்குப் போகிறாள் என்று எழுதின உனக்கே தெரியவில்லை என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு பேரும் வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டோம். அதன் பிறகு வேலைக்குத் தேவையானதைத் தவிர வேறு பேச்சு இல்லை.

5.55. இரண்டாவது ஒத்திகை. பையைத் தோளில் மாட்டினேன்.

கனத்தது.

காலையில் நான்தான் பேப்பர் திணித்தேன். ஒரு கிலோகூட இருக்காது. இப்போது தோள்பட்டையை இழுத்தது. மூன்று நாள் தூக்கம் இல்லாத களைப்பு என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.

முடிந்ததும் ஆல்வின் ஒன்று கேட்டான். வெளியே வந்ததும் எதற்குத் திரும்பிக் கதவைச் சாத்தினாய்?

நான் சாத்தவில்லை. திறந்தபடியே விட்டுவிட்டு வந்தேன்.

திரும்பிப் பார்த்தேன். கதவு சாத்தியிருந்தது. காற்று என்றான். இலைகூட அசையவில்லை. ஆனாலும் காற்று என்றே நானும் சொல்லிக்கொண்டேன். வெளிச்சம் போவதற்குள் ஒரு நல்ல டேக் கிடைத்தால் போதும். என் மண்டையில் அது மட்டும்தான் இருந்தது.

6.29க்கு சூரியன் விழுந்தது. 6.36. நாங்கள் காத்திருந்த வெளிச்சம் வந்தது. நீலம். அசல் விடியற்காலை மாதிரியே இருந்தது.

ஆல்வினிடம் ஒரு சின்ன ஸ்பீக்கர் இருந்தது. விடியற்காலைச் சத்தம் கேட்டால் எனக்கு நடை வரும் என்று ஒன்றைப் பதிவு செய்து கொண்டுவந்திருந்தான். சேவல், குருவிகள், பால்காரர் மணி. சேவல் கூவினதும் கதவைத் திறக்க வேண்டும். அதுதான் சிக்னல்.

உள்ளே போனேன். கதவைச் சாத்தினேன். துப்பட்டாவைத் தலையில் போட்டேன். பையைத் தோளில் மாட்டினேன்.

இருட்டு.

வெளியே சேவல் கூவியது.

கதவில் கை வைத்தேன்.

"விடிஞ்சிருச்சுங்களா?"

எனக்குப் பின்னால். மெதுவான, தூக்கக் கலக்கமான ஒரு பெண் குரல். அவ்வளவு மரியாதையாக.

இப்போது யோசித்தால் எனக்கே புரியவில்லை... நான் ஏன் பயப்படவில்லை? வாட்ச்மேன் வீட்டு ஆள் யாரோ என்று நினைத்தேனா? பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவர் மணி கேட்டால் சொல்வோமே, அந்த மாதிரி வாயில் வந்துவிட்டது.

"ஆமாங்க" என்றேன்.

ஒரு பெருமூச்சு. என் கழுத்துக்குப் பின்னால்.

துப்பட்டா என் தலையிலிருந்து நழுவியது.

தோளில் கனம் குறைந்தது.

கதவு திறந்தது. நான் திறக்கவில்லை. நீல வெளிச்சத்தில் யாரோ என்னைத் தாண்டிப் போனார்கள்.

கதவு மூடியது.

க்ரீச்... டக்.

வெளியே தாழ்.

மணி 6.37.

கதவைத் தட்டினேன். ஆல்வின் என்று கத்தினேன். பலகைகளுக்கு நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு ஒரு சந்து. கண்ணை வைத்தேன்.

பச்சைத் துப்பட்டா. தோளில் என் பை. துப்பட்டாவை முகத்துக்கு இழுத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு ஆறாம் வீட்டைத் தாண்டினாள். ஐந்தாம் வீடு. ஒவ்வொரு காலையும் தரை இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து வைத்தாள். பாதி ஓட்டம், பாதி நடை. ஒரு தடவை நின்றாள். திரும்பி இந்தக் கதவைப் பார்த்தாள். பிறகு நடந்தாள்.

ஆல்வின் போனிலிருந்து தலையைத் தூக்கினான்.

"யுவா... இதுதான். இதுதான் வேணும்."

எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் தொண்டை கிழியக் கத்தியது அவனுக்குக் கேட்கவில்லை.

அவன் ஸ்டாண்டை மடக்கினான். ஏதோ சொன்னான். அவள் பதில் சொல்லாமல் பைக் பக்கம் போய் நின்றாள்.

6.44. பைக் ஸ்டார்ட் ஆகும் சத்தம்.

மண் பாதையில் தூரமாக... தூரமாக...

போய்விட்டது.

போன் அவனிடம். என்னைத் தேடி யாரும் வரப்போவதில்லை. ஏன் தேடப் போகிறார்கள்? நான்தான் பைக்கில் போய்க்கொண்டிருக்கிறேனே.

கதவைக் குத்தினேன். உதைத்தேன். சமையல் தடுப்பில் பலகை அடித்து அடைத்திருந்த ஜன்னலின் கம்பியை இழுத்தேன். உள்ளங்கை கிழிந்தது. நேரம் ஆக ஆகச் சந்து வழியே வந்த வெளிச்சமும் போய்விட்டது. மறுபடி கதவைக் குத்தினேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. என் முஷ்டி விழுந்த இடத்தில் பலகை தேய்ந்து பள்ளமாக இருந்தது. தடவிப் பார்த்தேன். ஒரு கை முஷ்டி அளவு. வழவழவென்று. எனக்கு முன்னாலேயே யாரோ அதே இடத்தில்... எவ்வளவு நேரம் குத்தினால் மரம் இப்படிக் குழியும்?

தரையில் உட்கார்ந்து அழுதேன். அப்பாவைக் கூப்பிட்டேன். அம்மாவைக் கூப்பிட்டேன். எந்தச் சாமி பேரும் விட்டுவைக்கவில்லை.

7.41. டார்ச் வெளிச்சம். செருப்புச் சத்தம்.

"அண்ணா, கதவைத் தொறங்க அண்ணா!"

செருப்புச் சத்தம் நின்றுவிட்டது. கதவுக்கு வெளியேதான் நின்றார். மூச்சு வாங்குவது கேட்டது. திறக்கவில்லை.

"நான் யுவாங்க. படம் எடுக்க வந்த புள்ளைங்க."

"அந்தப் புள்ள பைக்குல ஏறிப் போயிருச்சுங்க. நான்தான் கேட்டு சாத்துனேன்."

"அது நான் இல்லீங்க. சத்தியமா நான் இல்லீங்க."

 டார்ச் வெளிச்சம் ஆடியது. கிளம்பப் போகிறார் என்று தெரிந்தது.  கதவைப் பிறாண்டினேன்.

நின்றார்.

"உங்கொப்பன் பேரென்ன? சொல்லுங்க."

"சின்னான். உடுமலைங்க. மரம் ஏறுறவருங்க. இடுப்பு ஒடிஞ்சு கெடக்கறாருங்க..."

 பிறகு தாழ் நகர்ந்தது.

வெளியே விழுந்தேன்.  கேட் வரை அவர் என் கையை விடவே இல்லை. அங்கே போய்த் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் பேசினார்.

"பன்னெண்டு வருசமா இங்கிருக்கறனுங்க. அந்தி சாய்ஞ்சா அந்தக் கதவுக்குள்ள இருந்து 'தொறங்க அண்ணா'ன்னு கூப்படற சத்தம் கேக்கும். ஒரு நாளும் தொறந்ததில்லைங்க. பேரு, ஊரு, அப்பன் பேரு கேட்டா சொல்லாது. நீங்க சொன்னீங்க."

அவர் போனிலிருந்து என் நம்பருக்கே அடித்தேன். 7.48. ஆல்வின் எடுத்தான்.

நான்தான் என்றேன். நீ இறங்கிப் போய் முக்கால் மணி நேரம் ஆகிறதே என்றான். போனைக் கொடுக்க மறந்துவிட்டதால் திருப்பிக் கொடுக்க, இறக்கிவிட்ட இடத்துக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறானாம்.

எங்கே இறங்கினேன் என்று கேட்டேன். துடியலூரில், ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு தெரு, அங்கே ஒரு வீட்டு வாசல். வழி முழுக்கப் பின்னாலிருந்து தோளைத் தட்டித் தட்டிக் காட்டினாளாம். இடது... வலது... இடது. சண்டை போட்ட கோபத்தில் பேசாமல் வருகிறேன் என்று நினைத்திருக்கிறான். இறங்கும்போதுதான் வாயைத் திறந்தாளாம்.

"'போயிட்டு வாரனுங்கண்ணா'ன்னு சொன்னே யுவா. என்னை எப்ப நீ அண்ணான்னு கூப்பிட்டே?"

வந்து என்னை ஏற்றிக்கொண்டான். அந்த வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னது நான்தான். அவன் வேண்டாம் என்றான். ஆனால் 'ஆமாங்க' என்று சொன்ன வாய் என்னுடையது. எதை வெளியே விட்டேன், அது யார் வீட்டுக்குப் போயிருக்கிறது என்று தெரியாமல் என்னால் எங்கும் போக முடியாது.

8.25. பச்சை கேட் போட்ட மாடி வீடு. கதவு திறந்திருந்தது. தோசை மணம்.

எழுபத்தைந்து வயது இருக்கும், ஒரு அம்மா வெளியே வந்தார். குழந்தையம்மாள் என்று பெயரைப் பிறகுதான் தெரிந்துகொண்டோம். முகமெல்லாம் சிரிப்பு. கண்ணில் தண்ணீர்.

"சாந்தாவைத் தேடி வந்தீங்களா கண்ணு? உள்ள வாங்க. குளிச்சுட்டு இருக்கறா."

வீட்டின் பின்பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. வாளியில் தண்ணீர் விழும் சத்தம். சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றும் சத்தம்.

நாற்காலி முதுகில் பச்சைத் துப்பட்டா. கீழே என் பை. ஆல்வின் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

அந்த அம்மா நாங்கள் கேட்காமலே பேசிக்கொண்டு போனார். சாந்தாமணி அவர் மகள். மில்லில் வேலைக்குப் போனவள். தொண்ணூற்றி ஏழு சித்திரையில் அவர் அவிநாசித் தேருக்குப் போய், தங்கை வீட்டில் ஒரு வாரம் தங்கிவிட்டு வந்தாராம். வந்து பார்த்தால் மகள் இல்லை. மில்லில் கூட வேலை பார்த்த பையனோடு பெங்களூருக்கு ஓடிவிட்டாள் என்று மூத்தவன் சொன்னானாம். அதற்குப் பிறகு அந்த ஏழாம் நம்பர் லைன் வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கே வந்துவிட்டார்கள்.

"இருவத்தேழு வருசம் எங்கெங்க தேடுனேன். இன்னிக்கு அவளாவே வந்துட்டா. எனக்கு சீலை வேற கொண்டாந்திருக்கறா பாருங்க."

கையில் ஒரு புடவையை விரித்துக் காட்டினார். பழைய புடவை. மடிப்பு மடிப்பாக மட்கிப்போயிருந்தது. மண் வாசம் அடித்தது. அந்த அம்மா அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

 அவரிடம் என்ன சொல்வது?

8.33. வாசலில் கார் நின்றது. ஐம்பத்தைந்து வயது ஆள் உள்ளே வந்தார். மூத்த மகன், பாலுசாமி. யாருங்க நீங்க என்று எங்களை மரியாதையாகத்தான் கேட்டார்.

"சாந்தா வந்திருக்கறாடா" என்றார் அம்மா.

அந்த மனிதர் முகத்தில் ரத்தமே இல்லாமல் போனதை நான் பார்த்தேன்.

பின்பக்கம் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

அவர் போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார். குளியலறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஈரக் கால் சத்தம்... சளக்... சளக்...

கூடம் வரை வந்தது.

யாரும் இல்லை.

தரையில் ஈரக் காலடி மட்டும். ஒன்று... அடுத்து ஒன்று... பாலுசாமிக்கு எதிரில் வந்து நின்றது. அதற்கு மேல் நகரவில்லை. அந்த இடத்தில் தண்ணீர் சொட்டிச் சொட்டிக் குளம் கட்டியது.

நாங்கள் ஓடினோம். பையை எடுக்கவில்லை. துப்பட்டாவை எடுக்கவில்லை.

அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு தனபால் சார் முன்னால் நின்றேன். மூன்றாவது டேக் என் போனில் இருந்தது. அதைக் காட்டியிருந்தால் கேமரா கிடைத்திருக்கும். அந்த நடையைப் பார்த்து யாரும் குறை சொல்ல முடியாது. காட்ட மனம் வரவில்லை. அது நான் எடுத்த காட்சி இல்லை. அவள் வெளியே வந்தது. ஒன்றும் எடுக்கவில்லை சார் என்றேன். அந்த வருடம் போனது. அப்பாவிடம் போனில் சொன்னேன். "செரி கண்ணு, அடுத்த வருசம் பாத்துக்கலாம். சாப்ட்டியா?" என்றார். அதற்குத்தான் அழுகை அதிகம் வந்தது.

மார்ச் 10, ஞாயிற்றுக்கிழமை. மதியம் 12.15க்கு கருப்புசாமி அண்ணன் போன் செய்தார். மில்லுக்குள் போலீஸ் வந்திருக்கிறது என்றார்.

பாலுசாமி அன்று விடியற்காலையில், வெளிச்சம் வந்ததும், தானாக நடந்து போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார். மூன்று நாளாகச் சாயங்காலம் ஆறேமுக்காலுக்கு தங்கை வந்து எதிரில் உட்கார்ந்துகொள்கிறாள் என்றாராம். திட்டுவதில்லை. அழுவதில்லை. "சாப்ட்டீங்களாண்ணா?" என்று மட்டும் கேட்கிறாளாம்.

தொண்ணூற்றி ஏழில் நடந்ததை அவரே சொல்லியிருக்கிறார். அம்மா தேருக்குப் போயிருந்த சமயம், லைனில் இருந்த மற்றவர்களும் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தார்களாம். தங்கையிடம் நல்லவிதமாகப் பேசி, இன்றைக்கு ராத்திரி உள்ளேயே இரு, விடிந்ததும் நானே கதவைத் திறந்து கல்யாணம் பண்ணி வைக்கிறேன் என்றாராம். அவளும் நம்பி உள்ளே போயிருக்கிறாள். வெளியே தாழ் போட்டுவிட்டார். விடிந்தும் திறக்கவில்லை. அன்றைக்கு மட்டும் இல்லை, அடுத்த நாளும். அதற்கு அடுத்த நாளும்.

அதன் பிறகு என்ன செய்தார் என்பதை நான் இங்கே எழுத விரும்பவில்லை. மில்லிலிருந்தே சிமெண்ட் கொண்டுவந்து தரை போட்டிருக்கிறார்.

ஏழாம் நம்பர் வீட்டுத் தரையை உடைத்தபோது கருப்புசாமி அண்ணன் பக்கத்தில் நின்றிருக்கிறார். அவர்தான் இதை என்னிடம் சொன்னார்.

கீழே இருந்தது ஒரு உடம்பு இல்லை. இரண்டு.

இன்னொருவன் ரவிக்குமார். அதே மில்லில் வேலை பார்த்தவன். வயது இருபத்து மூன்று. கல்யாணத்துக்கு என்று கூப்பிட்டு, அவனையும் அவளோடுதான் உள்ளே வைத்துத் தாழ் போட்டிருக்கிறார். மகன் பெங்களூரில் எங்கேயோ நன்றாக இருக்கிறான் என்று நம்பிக்கொண்டே அவனுடைய அம்மா செத்துப்போனார்.

அந்த வீடியோவை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. கதவு ஒரே ஒரு தடவைதான் திறக்கிறது. வெளியே வருவது ஒருத்திதான்.

6.37க்குத் தாழ் விழுந்தது. 7.41க்கு டார்ச் வெளிச்சம் வந்தது. நடுவில் அறுபத்து நாலு நிமிடம்.

அத்தனை நேரமும் அந்த அறையில் நான் தனியாகத்தான் அழுதுகொண்டிருந்தேன் என்று நினைத்திருந்தேன்.